சொன்ன தேதிக்கு முன்னாலேயே

அக்கா: ...அட, ஸ்டூலை இப்படி இழுத்துப் போட்டு உட்காருடா தம்பி. ஒரு கதை சொல்றேன்.

தம்பி: கதை எல்லாம் வேணாங்க்கா. ரவிக்கை ரெடி. வாங்கிட்டுக் கிளம்பு.

அக்கா: கதையே அதுதான். ஒரே ஒரு ஊர்ல ஒரு தையல்காரன். 'வெள்ளிக்கிழமை வாங்க'ன்னு சொன்னான்னா, எந்த வெள்ளின்னு கேட்கக் கூடாது...

தம்பி: ஹெட்மாஸ்டருக்குப் பட்டன் வைக்க மறந்து, ஊக்கு குத்தி அனுப்பினானே, அவன்தானே?

அக்கா: குறுக்கே பேசாத. அவன் இந்த வாரம் எல்லாத் துணியையும் தைச்சு, வீடு வீடாப் போய்க் கொடுத்துட்டு வந்துட்டான். சொன்ன தேதிக்கு முன்னாலேயே!

தம்பி: திருந்திட்டேன்க்கா.

அக்கா: நீயா? தைக்கப் புதுத் துணியும் வாங்க மாட்டேங்கறியாம். இஸ்திரிக்காரர் சொன்னார்.

தம்பி: கொஞ்சம் ஓய்வு...

அக்கா: நேராவே கேட்கறேன். சாகலாம்னு நினைக்கறியா?

தம்பி: இந்தா உன் ரவிக்கை, கொக்கி சரியா இருக்கா பாரு.

அக்கா: நான் கேட்டது காதுல விழுந்துச்சா?

தம்பி: விழுந்துச்சு... ஆமா. யார் துணியும் பாதியில நிக்கக் கூடாதுன்னு... வாழ்க்கையிலயே முதல் தடவையா நேரத்துக்கு வேலையை முடிச்சேன். அதுலயே மாட்டிக்கிட்டேன் பாரு.

அக்கா: எத்தனை நாளா?

தம்பி: தூக்கம் போய் ரெண்டு மாசம். படுத்தா, 'நீ எல்லாருக்கும் பாரம்'னு மண்டைக்குள்ள ஒருத்தன் மிஷின் ஓட்டறான். என்னைவிடக் கெட்டிக்காரன், நூலே அறுந்து தொலைய மாட்டேங்குது.

அக்கா: உன் பொண்டாட்டிகிட்ட சொன்னியா?

தம்பி: எப்படி... அவளே வேலைக்குப் போய்க் களைச்சு வர்றா. பசங்களுக்கு நான் இருக்கறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு.

அக்கா: நேத்து உன் சின்னது போன் பண்ணுச்சு. 'அப்பா இப்பல்லாம் மொக்கை ஜோக்கே சொல்றதில்ல அத்தை'ன்னு ஒரே அழுகை.

தம்பி: அதையா... கவனிச்சுச்சு?

அக்கா: உன் ஜோக்குக்கு அழறது புதுசா என்ன? இந்தத் தடவை இல்லாததுக்கு அழுவுது.

தம்பி: ரவிக்கையைத் தள்ளி வைக்கா... கண்ணீர் சொட்டுது.

அக்கா: அழு. துணி நனைஞ்சா நனையட்டும், என் ரவிக்கைதானே. அழுதுட்டுக் கடையைச் சாத்து. டாக்டர்கிட்ட போறோம்.

தம்பி: எந்த டாக்டர்?

அக்கா: புதன்கிழமை புதன்கிழமை நான் போறேனே, அவங்கதான்.

தம்பி: முழங்கால் டாக்டருக்கு இதெல்லாம் என்னக்கா தெரியும்?

அக்கா: என் முழங்கால் நல்லாத்தான்டா இருக்கு. மூணு வருஷமா உங்க முன்னாடி நொண்டிக் காட்டியே நிஜமா இடுப்பு பிடிச்சுக்கிச்சு! நான் போறது மனசு டாக்டர்கிட்ட. அலமாரியெல்லாம் துடைச்சு, எது யாருக்குன்னு பிரிச்சு வச்சவதான் நானும். அதான் உன் சுறுசுறுப்பைப் பத்திக் கேட்டதும் ஓடி வந்தேன். எழுந்திரு, அங்க நானும் உன்கூட உட்கார்றேன். உன் வீடு நூறு வருஷம் நல்லா இருக்கணும்டா... நீயும் அதுக்குள்ள இருந்து.