தலைவர் சட்டைப்பையில் பட்டறைச் சாவி

பூட்டுக்கே புகழ் தேடித் தந்த பொதுப்பட்டறைக் குழுவின் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! தலைவர் தும்மினாலும் தலையசைத்து ஆமோதிக்கும் செயற்குழுத் தங்கங்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்த பெரியோர்களே! அந்த இடம் கிடைக்காத தாய்மார்களே! வணக்கம்.

நான் முடி வெட்டுகிறவன். எவ்வளவு பெரிய தலை என்றாலும் என் முன்னால் குனிந்துதான் ஆகவேண்டும். அந்த உரிமையில் பேசுகிறேன்.

நம் பட்டறையில் என்ன இல்லை? கணினியில் வரைந்ததைப் பிளாஸ்டிக்கை உருக்கி உருவாக்கித் தரும் 3டி பிரிண்டர் இல்லையா? பலகையை ஒளியால் அறுக்கும் லேசர் இல்லையா? யார் வாங்கினோம்? நாம் எல்லோரும் சேர்ந்து! யார் தொடலாம்? போன வாரம் வரை எல்லோரும்! இன்று? தலைவர் மட்டும்! அவரும் தொட்டு என்ன செய்கிறார்? தூசி துடைக்கிறார்!

ஏன் பூட்டினார்? என் அக்காவின் சக்கர நாற்காலியில் வலப்பக்க பிரேக் கைப்பிடி ஒடிந்தது. எங்கள் வாசலோ சரிவு. இறங்கினால் எதிர்வீட்டுக் கதவில் மோதித்தான் நிற்கவேண்டும். கடைக்காரர், “கைப்பிடி தனியா வராதுங்க, புது நாற்காலியே வாங்கிடுங்க” என்றார். பல் வலித்தால் தலையை மாற்றச் சொல்வார் போலிருக்கிறது.

பட்டறைக்கு ஓடினேன். அங்கிருந்தவர்களும் நானுமாக, நல்லாயிருந்த இடப்பக்கக் கைப்பிடியை அங்குலத்தில் அளந்தோம். பிரிண்டர் அதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. மூக்குத்தி அளவுக்கு ஒரு கைப்பிடி வந்தது! அக்கா பார்த்தாள். “ஏன்டா, இதை மூக்குல குத்திக்கணுமா?” என்றாள்.

மறுபடி அச்சிட்டோம். அளவு கனகச்சிதம். ஆனால், இடப்பக்கத்தைப் பார்த்து அளந்தால் இடப்பக்கம்தானே வரும்? வலக்காலில் இடக்கால் செருப்பு! யாரங்கே சிரிப்பது? “டிசைன் பக்கா” என்று தோளில் தட்டியவரே நீங்கள்தானே, ஐயா!

மூன்றாவதைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டோம். பாதியில், உருகிய பிளாஸ்டிக் வழியும் பிரிண்டர் முனை அடைத்துக்கொண்டது. தலைவர் வந்தார். “ஆளாளுக்குக் கை வச்சா மெஷின் உருப்படுமா?” என்றார். பூட்டினார். பாதிக் கைப்பிடி பட்டறைக்குள்ளே. என் அக்கா வீட்டுக்குள்ளே. அவளுக்குத் தெருவே இல்லாமல் போய்விட்டது.

தெரியாதவன் தொட்டால் கெடுமாம்! கெடட்டுமே! கெடுத்தவன் கழற்றட்டும்! கழற்றியவன் கற்கட்டும்! கற்றவன் அடுத்தவனுக்குக் காட்டட்டும்! பழுதே ஆகாத இயந்திரம் வேண்டுமா? படம் வரைந்து மாட்டிக்கொள்ளுங்கள்! என் அக்காவுக்குப் படம் வேண்டாம், பிரேக் வேண்டும்! கோபமாகத்தான் பேசுகிறேன், தலைவரே. உங்கள் அக்கா என்றால் நீங்கள் கத்தமாட்டீர்களா?

என்ன தலைவரே, சட்டைப்பையைத் துழாவுகிறீர்கள்? “எடுத்துட்டுப் போய்யா, மைக்கை விடு!” என்கிறார். கேட்டீர்களா? சாவி மேசைக்கு வந்துவிட்டது!

பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி. ஏசிக்கொண்டே கொடுத்தாலும் தலைவருக்கு இரட்டை நன்றி. முனையைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் என்னோடு வாருங்கள். தெரியாதவர்களும் வாருங்கள். அக்கா காத்திருக்கிறாள். வணக்கம்!