பூட்டியாச்சு

— எஞ்சினை நிப்பாட்டுங்கோ, அஷ்பாக் நானா. இந்தச் சத்தத்துக்குள்ள ஒண்டும் கதைக்க ஏலாது.

— நிப்பாட்டினா நீரோட்டம் கோணமலைப் பக்கம் இழுத்துப் போகும், மிஸ்.

— இழுக்கட்டும்.

— சரி... கேக்குதா? ஒரு சத்தமும் இல்ல. கிண்ணியாவும் தெரியல்ல, திருகோணமலை ரவுணும் தெரியல்ல. பனிக்குள்ள வள்ளத்த ஆரோ தொங்க விட்ட மாதிரி இரிக்கி. முதல்ல அந்த ஃபோனப் பூட்டுங்க. விசாரணைக்காரனுகள் எடுத்தா எனக்குக் கதைக்க விருப்பமில்ல.

— பூட்டியாச்சு.

— நல்லம். இப்ப கீழ பாருங்க, அந்த நீலத்த.

— வெளிநாட்டில நாங்கள் வேலை செய்த அணுமின் நிலையத்தில எரிபொருளை ஆற வைக்கிற தொட்டி. அந்த நீலம்.

— அதேதான். ஊருக்கு வந்ததில இருந்து ஒரே கனவு. இந்தத் துறைமுகத்துக்கு அடியில நான் குழாய் பூட்டிக்கொண்டு திரியிறன். மீனெல்லாம் வெள்ளைத் தொப்பி போட்டு, நெஞ்சில கதிர்வீச்சு அளக்கிற பட்ஜ் குத்திக்கொண்டு வரிசையா வருது. அதில ஒண்டு கிட்ட வந்து, "பூட்டியாச்சா?" எண்டு கேக்கும். உங்கட குரல்ல.

— நான் மீனா?

— சூரை. கண்ணும் பெரிசு, கோவமும் பெரிசு.

— பகிடி விடாதீங்கோ. அந்த ஒரு சொல்லாலதான் உங்களை வீட்டுக்கு அனுப்பினவை.

— அந்தத் தொட்டிக்குப் போற பழைய குழாய் உள்ளுக்கு அப்பிடி அரிச்சுக் கிடக்கும் எண்டு ஆர் கண்ட? ஆலையத் திரும்ப ஓட விடுற கிழமை பாத்து ஒழுகிச்சு. பெரியாக்கள் எல்லாம் தலைதெறிக்க ஓடினாங்க.

— ஓம். அதை வெட்டிப்போட்டுப் புது வால்வு போட உங்களைக் கீழ அனுப்பினது நான். மேல இருந்து வோக்கிடோக்கியில கேட்டன், "நானா, வால்வு பூட்டியாச்சா?"

— "பூட்டியாச்சு மிஸ்" எண்டன். பூட்டித்தானே இரிந்த. எல்லா நட்டும் என்ட கையால இறுக்கின.

— நான் கேட்டது மூடியாச்சா எண்டு. நீங்கள் சொன்னது பொருத்தியாச்சு எண்டு. எங்கட ஊரில ரெண்டுக்கும் ஒரே சொல்லு. தண்ணிப் பைப்பையும் பூட்டுறம், ஃபேனையும் பூட்டுறம். நான் தண்ணியைத் திறந்து விட்டன். வால்வு வாயைப் பிளந்தபடி.

— பக்கத்தில நிண்ட பிலிப்பைன்காரர் தலையோட நனைஞ்சு போனார். அவரத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவி, கதிர்வீச்சு அளக்கிற மெஷின் ஒண்டும் இல்ல எண்டு காட்டின பிறகுதான் எனக்கு மூச்சு வந்த.

— விசாரணையில அந்த வோக்கிப் பதிவைப் போட்டுக் கேட்டிருக்கினம். மொழிபெயர்த்த மனிசனுக்கு எங்கட பேச்சு பழக்கமில்லை. "மூடியாச்சு" எண்டு எழுதிக் குடுத்திட்டார். அதோட நீங்கள் பொய்க்காரன். இனி எந்த அணுமின் நிலையத்துக்குள்ளயும் விடமாட்டினம். நீங்களோ வாயே திறக்கேல்லை.

— திறந்தா பழி உங்கட பேரில வரும். வோக்கியில இங்கிலீஷ் மட்டுந்தான் எண்டு சட்டம். தமிழ்ல கேட்ட நீங்க.

— அதை நானே போய்ச் சொல்லிட்டன், நானா. ஒருத்தரும் நம்பேல்லை. ஊர்க்காரனைக் காப்பாத்தப் பாக்கிறாளாம். ஒரு சொல்லுக்கு எப்பிடி ரெண்டு அர்த்தம் வரும், அவனே சொல்லட்டும் எண்டினம். இண்டைக்கு விசாரணையிட கடைசிக் கூட்டம். சண்டை பிடிச்சு, எங்கட பேச்சுத் தெரிஞ்ச மூதூர் ஸுல்பிகாவை மொழிபெயர்க்கப் போட வைச்சிருக்கிறன்.

— விடுங்க. ஓராள்ட வேலை போனாக் காணும். உங்கட வீட்டில கம்பஸ் போய்ப் படிச்ச முதல் புள்ள நீங்க.

— அதுக்காக? நான் படிச்சது உங்கட முதுகில ஏறி நிக்கவா? ஆரும் எனக்காக வாயைப் பொத்த வேண்டாம். எனக்கு அது மரியாதை இல்லை, நானா. வெக்கம்.

— கோவிக்காதீங்க தங்கச்சி. எனக்குக் கடல் இரிக்கி.

— கனவில கடலுக்கு அடியில போயும் குழாய்தானே பூட்டுறீங்கள்.

— ...அது உண்மதான். பூட்டி முடிச்ச குழாயில கைய வைச்சா, உள்ளுக்குத் தண்ணி ஓடுறது உள்ளங்கையில தெரியும். மீன் துடிக்கிற மாதிரி. நித்திரையில அதத்தான் தேடுறன் போல.

— அப்ப எனக்கு மட்டும் சொல்லுங்கோ. அண்டைக்கு என்ன நினைச்சுச் சொன்னனீங்கள்?

— பொருத்தியாச்சு எண்டுதான். மூடச் சொல்லி நீங்க கேட்டதா எனக்குத் தெரியா. அல்லாஹ் மேல ஆணையா. ஆனா அவனுகளுக்கு இதச் சொல்ல மாட்டன்... மிஸ், உங்கட தோளுக்குப் பின்னால என்ன மினுங்குது? என்ட ஜி.பி.எஸ் பூட்டுற கிளிப்பில? ஃபோனா? பூட்டியாச்சு எண்டீங்களே?

— ஓம் நானா, கிளிப்பிலதான் பூட்டினனான். வீடியோவில கூட்டம் தொடங்கிக் கனநேரம். ஸுல்பிகா இப்ப அவைக்கு ரெண்டு அர்த்தத்தையும் சொல்லிக்கொண்டிருப்பா. திரும்பி வணக்கம் சொல்லுங்கோ.