வண்டி சாப்பிடுது

எங்கள் கட்டடத்தில் வண்டிக்கு சார்ஜ் போட ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருக்கிறது, ஃபாதர். பொம்மனஹள்ளியில் அது பழைய கட்டடம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். மாடியில் நான், கீழே சந்திரசேகரன். யார் முதலில் மாட்டுகிறார்களோ அவர்கள் வண்டிக்குக் காலைவரை சார்ஜ் ஏறும். அவசரமென்றால் மற்றவர் மணியடித்துக் கேட்டுக்கொள்வார். இதில் எங்களுக்குள் ஒருநாளும் மனஸ்தாபம் வந்ததில்லை.

சந்திரசேகரன் வீட்டார் தர்மபுரிக்காரர்கள். ஏழு வயது மகள் சிந்துவுக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. மூச்சுத் திணறினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுவர டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அது பொம்மசந்திரா பக்கம், மேம்பாலம் வழியாகப் பதினைந்து கிலோமீட்டர். அதற்காகத்தான் சந்திரசேகரன் அந்தப் பழைய காரை வாங்கினார். அவர் மனைவி வனஜா தினமும் மறக்காமல் சார்ஜ் போடுவாள்.

ஓஸ்வால்ட் என்ற என் பெயர் சிந்துவின் வாயில் 'ஓசி தாத்தா' ஆகிவிட்டது. சார்ஜ் ஏறும்போது வயருக்குப் பக்கத்தில் காவல் நிற்பாள்.

"ஓசி தாத்தா, வண்டி சாப்பிடுது. தொடாதீங்க."

"எனக்கும் பசிக்குதே."

"உங்க தொப்பைக்குக் கரண்ட் பத்தாது."

அந்த வெள்ளிக்கிழமை என் வண்டியில் சார்ஜ் குறைவாக இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிப் பூசைக்கு ஆஞ்சலாம்மாவையும் இன்னும் இரண்டு முதியவர்களையும் அழைத்துப்போக வேண்டும். நான் போகாவிட்டால் அவர்களுக்கு நற்கருணை கிடைக்காது. அவர்கள் வண்டியும் அன்று காலியாகத்தான் வந்திருந்தது; வனஜா இரவு ஏழு மணிக்கே மாட்டிவிட்டிருந்தாள். எட்டு மணிக்குக் கேட்கப் போனேன். உள்ளே குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். மணியடித்து எழுப்ப மனம் வரவில்லை. அவர்கள் வயரைக் கழற்றிவிட்டு என்னுடையதை மாட்டினேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஜெபத்துக்கு எழுந்தபோது என் வண்டி நிறைந்திருந்தது. கீழே போய் அவர்கள் வயரை முன்பு இருந்தபடியே மாட்டி, சுவிட்சையும் போட்டுவிட்டு வந்தேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. சந்திரசேகரன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். வனஜா வயரைப் பிடுங்கி எறிந்தாள். எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று பார்க்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? நான் ஜன்னலருகில் நின்றிருந்தேன். என் சாவி சட்டைப் பையில் இருந்தது. அவர்களைக் கூப்பிட்டு என் வண்டியைக் கொடுத்தால் நான் செய்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். ஏற்கெனவே பதறியிருப்பவர்களை மேலும் கலங்கவைக்க வேண்டாம் என்று நினைத்தேன். முதியவர்களும் எனக்காகக் காத்திருப்பார்கள். அவர்கள் வண்டி நாலைந்து கிலோமீட்டர் ஓடும். மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று ஜெபமாலையை எடுத்தேன்.

வண்டி மேம்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. அங்கே ஆட்டோக்களை விடுவதில்லை. வேகமாகப் போகும் கார்களுக்கெல்லாம் சந்திரசேகரன் கையெடுத்துக் கும்பிட்டாராம். ஆம்புலன்ஸ் வந்தபோது சிந்து வனஜாவின் மடியில் அடங்கிவிட்டிருந்தாள். அந்த நேரத்தில் நான் ஆஞ்சலாம்மாவைக் கைப்பிடித்துக் கோயில் படியேற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சந்திரசேகரன் கேட்டார்.

"அங்கிள், அன்னிக்கு நீங்க சார்ஜ் போட்டீங்களா?"

"இல்லப்பா" என்றேன்.

அவர் வனஜாவைத் திரும்பிப் பார்த்தார். "சுவிட்சே போடாம வயரை மட்டும் மாட்டியிருக்கா" என்றார். அதற்குப் பிறகு அவளிடம் அவர் பேசவில்லை. ஒரு மாதம் அவர்களுக்கு இரண்டு வேளையும் நான்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வனஜாவைச் சாப்பிடவைக்கத்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

நேற்று அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். வழியில் கேட்டாள்.

"போட்ட மாதிரிதான் அங்கிள் ஞாபகம். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. எம்புள்ளைய நானே கொன்னுட்டனா?"

"மறதி பாவமில்லம்மா. கடவுள் உன்னை மன்னிப்பார்" என்றேன்.

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க ஒருத்தர்தான் என்னைக் குத்தம் சொல்லல."

அவளை மன்னிப்பது எனக்குக் கொஞ்சமும் கடினமாக இருக்கவில்லை, ஃபாதர்.