தோள் இறங்காத உறைகள்

மே 17, வெள்ளி. இன்றைய தவறு: தோட்டா உறைகளுக்குத் தடவும் மெழுகு டப்பாவை மூடாமல் விட்டுவிட்டேன். மேலே தூசி படிந்துவிட்டது. மேல்பகுதியை வழித்துப் போட்டுவிட்டு இறுக மூடி வைத்திருக்கிறேன்.

திருமதி லண்ட்கிரென், உலோகக் கடைசல் வகுப்பின் முதல் மாலையில் நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன். முதல் வரியில் அன்று செய்த தவறு, கடைசியில் மறுநாள் வேலை, நடுவில் என்ன நடந்ததோ அது. வகுப்பில் மற்றவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் நிறுத்தவில்லை. என் அளவுகள்மேல் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். எழுதி வைத்தால் பிறகு சரிபார்க்கலாம். திங்கட்கிழமை மாலை நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பீர்கள்.

இன்று எழுதுவது கல்லூரிப் பட்டறையைப் பற்றி அல்ல. அப்பா விட்டுப்போன வீட்டின் நிலவறையில் ஒரு மேசை இருக்கிறது. நானும் என் அண்ணன் ராய்ஸும் சுட்டுத் தீர்ந்த தோட்டா உறைகளை அங்கேதான் சரிசெய்து மறுபடி நிரப்பிக்கொள்கிறோம். இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டில் செய்கிற வேலைதான். அப்பா போனபின் வீடும் மேசையும் எனக்கு வந்தன. அவருடைய பழைய ராணுவத் துப்பாக்கி ராய்ஸுக்குப் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

தோட்டா வெடிக்கும்போது பித்தளை உறை, துப்பாக்கிக்குள் அது இருக்கும் அறையின் அளவுக்கு உப்பிவிடும். அதை அச்சுக்குள் அழுத்தித்தான் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கழுத்துக்குக் கீழே சரிந்து விரியும் இடத்தைத் தோள் என்கிறோம். அந்தத் தோள் எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் கையால் பூட்டுவது. தோள் சற்று உயர்ந்திருந்தால் பூட்டு முரண்டு பிடிக்கும், கைக்குத் தெரிந்துவிடும். அதனால் என் உறைகளுக்கு அச்சைக் கொஞ்சம் மேலே தூக்கி வைப்பேன். பித்தளை கூடுதல் நாள் உழைக்கும். ராய்ஸின் துப்பாக்கி தானே நிரப்பிக்கொள்ளும் வகை. ஒன்று வெடித்ததும் வில்விசை அடுத்ததை அடித்து உள்ளே தள்ளும். அங்கே உணர்ந்து பார்க்கக் கை கிடையாது. ஆகவே அவனுடைய உறைகளுக்கு அச்சைத் திரும்பக் கீழே இறக்க வேண்டும். இறக்காவிட்டால் பெரும்பாலும் தோட்டா பாதியில் சிக்கி நின்றுவிடும், அவ்வளவுதான். அபூர்வமாக, பூட்டு முழுதாக விழுவதற்கு முன்பே வெடித்துவிடும். அப்போது அந்த வெடிப்பு முழுவதும் துப்பாக்கிக் குழல் வழியாகப் போவதில்லை. சுடுபவனின் முகம் பக்கத்திலேயே இருக்கிறது.

எங்கள் சுடுகளத்தில் வெர்லின் என்று ஒருவர் இருந்தார். அவருடைய ஒரு கண் கண்ணாடிக் கண். கன்னத்தில் தோலுக்கு அடியில் நீலப் புள்ளிகள். சிறுவயதில் ராய்ஸ் அவரிடம் போய், "அந்தக் கண்ணத் தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே குனிந்து காட்டினார். நான் வண்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். ஆகவே இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல.

ராய்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். எரிவாயு வண்டி ஓட்டுகிறான். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அவன் எதையும் அளப்பதில்லை. நிலவறைக்கு வருவான், வானொலியில் பேஸ்பால் ஆட்டத்தை வைப்பான், அதைக் கேட்டுக்கொண்டே அழுத்தும் பொறியின் கைப்பிடியை இழுப்பான். அச்சு எந்த அளவில் நிற்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. உறையின் தோளைச் சோதிக்க அளவுக் குழல் ஒன்று இருக்கிறது. உறையை அதில் போட்டால் விளிம்பு துருத்தாமல் உட்கார வேண்டும். நான் ஒவ்வொரு உறையையும் போட்டுப் பார்ப்பேன். அவன் அந்தக் குழலில் பென்சிலைச் செருகி வைப்பான்.

"என்ன டாக்டர், நோயாளி பொழச்சுக்குவானா?" என்பான்.

சுடுகளத்துக்குப் பக்கத்து உணவகத்தில் எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொன்னான்: "என் தம்பிக்குக் கல்யாணமே ஆகாது. பொண்ணு அந்தக் குழலுக்குள்ள சரியா உக்காரணும்ல." பரிமாறுகிற பெண்கூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது.

அது காரணம் அல்ல. காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன். அளக்காத எதையும் தெரிந்ததாகக் கொள்ளாதே, ஒருநாள் அது பழிவாங்கும் என்று நீங்கள் வகுப்பில் சொன்னீர்கள். நான் அதை நம்பினேன். ஆனால் சனிக்கிழமைதோறும் என் பக்கத்துப் பாயில் ராய்ஸ் படுத்துக்கொண்டு, இனிப்பு தின்று சர்க்கரை ஒட்டிய விரலால் சுடுவான். ஒன்றும் நடக்காது. சிக்குவதுகூட இல்லை. சென்ற கோடையில் கோப்பையும் அவனுக்குத்தான். நான் வீட்டுக்கு வந்து அன்றும் ஒவ்வொரு உறையாகக் குழலில் போட்டுப் பார்த்தேன். எதற்காகப் போடுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதை எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? நீங்கள் சொன்னது தவறாக இருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒன்று நிலுவையில் இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை என்னுடைய உறைகளை அழுத்தி முடித்தேன். அச்சு எனக்கான உயரத்தில் நின்றது. திரும்ப இறக்க மறந்துவிட்டேன். வேலை முடிந்து வந்த ராய்ஸ், நாளைய போட்டிக்கான தன் உறைகள் எல்லாவற்றையும் அதிலேயே இழுத்துத் தட்டில் கொட்டிவிட்டுப் போனான். அவன் போனபின் ஒன்றை எடுத்துக் குழலில் போட்டேன். விளிம்பு துருத்தி நின்றது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே.

மீண்டும் அழுத்தியிருக்கலாம். ஒரு குவளை காபி ஆறுகிற நேரத்து வேலை. நான் விளக்கை அணைத்துவிட்டு மேலே வந்தேன். அன்றைய பக்கத்தில் இதை நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தெரியாமல் செய்ததைத்தானே தவறு என்று எழுதச் சொன்னீர்கள். தெரிந்த பிறகு அது எந்த வரியில் வரும் என்று எனக்குப் புரியவில்லை.

நேற்று அவனே வந்து வெடிமருந்து போட்டு, குண்டு பொருத்தி முடித்தான். நான் எதையும் தொடவில்லை. நிலவறைப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன்டா பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க? பரீட்சையா?"

"இல்ல."

"அந்த வாத்தியாரம்மா ரொம்ப வாட்டுறாங்களா?"

"அவங்க நல்லவங்க."

"அப்ப சரி. பீர் இருக்கா?"

இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன்.

இன்று சாயங்காலம் தோட்டாப் பெட்டியை எடுத்துப்போக வந்தான். இந்த இடத்தில் நான் நடந்துகொண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவுக் குழலை அவனுக்கு எதிரே மேசைமேல் வைத்தேன். பென்சிலைக்கூட எடுத்துவிட்டேன்.

"ஒண்ணு ரெண்டு போட்டுப் பாரேன்," என்றேன்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் நான் எதுக்குப் பாக்கணும்?" பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டான். "காலைல வண்டியோட வர்றேன். தயாரா இரு. போன தடவ மாதிரி சாக்ஸ் தேடிக்கிட்டு நிக்காத."

நான் பொய் சொல்லவில்லை. பார்த்தேனா என்று கேட்டான், பார்த்திருந்தேன். எப்படி இருந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்பான் என்று அவன் படியேறும்வரை காத்திருந்தேன். வண்டியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன்.

பிறகு தொலைபேசியில் கூப்பிட்டேன். நோரீன் எடுத்தாள், ராய்ஸின் மனைவி. அவன் குளித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஆன்சல், ஏதாவது மறந்துட்டானா?"

"இல்ல. அவன் எதையும் அளந்தே பாக்குறதில்லியே. உனக்குப் பயமா இல்லையா?"

அவள் சிரித்தாள். "அளந்து பாக்கத்தான் நீ இருக்கியே. கல்யாணமான புதுசுல நானும் இதத்தான் கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? 'மேசை ஆன்சலோடது, அவன் வெச்சுட்டுப் போனத நான் சந்தேகப்பட்டா அவன் மூஞ்சிய எப்படிப் பாக்குறது'ன்னான். உன்னக் கிண்டல் பண்றத எல்லாம் மனசுல வெச்சுக்காத. வெளியில வேற யாராவது உன்னச் சொன்னா அவனுக்கு வர்ற கோபத்த நீ பாத்ததில்ல." பிறகு, "அவன் வந்துட்டான், குடுக்கவா?" என்றாள்.

"வேண்டாம், காலைல பாத்துக்கறேன்," என்றேன்.

அவள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். அப்படியென்றால் இத்தனை சனிக்கிழமைகளும் ஒன்றும் நடக்காமல் இருந்ததற்கு, ஒவ்வொரு முறையும் நான் அச்சை இறக்கி வைத்ததுதான் காரணம். அவனுக்கு அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கவே இல்லை. அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அதனால் என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடவில்லை. அளக்காவிட்டால் என்ன ஆகும் என்பது இன்னும் தெரியவில்லை.

மேலே எழுதியதில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். செவ்வாய்க்கிழமை அச்சை இறக்க மறந்துவிட்டேன் என்று எழுதினேன். மறக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு படியேறும்போதே நினைவு வந்துவிட்டது. திரும்பி இரண்டு படி இறங்கினேன். அப்போது வெளியே அவனுடைய வண்டிச் சத்தம் கேட்டது. நின்றேன். மேலே போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அவன் என் தலைமுடியைக் கலைத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே கீழே இறங்கினான்.

இதை நான்தான் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். என் அளவு எத்தனையோ முறை தப்பியிருக்கிறது. போன மாதம் வகுப்பில் அந்த உருளையை நான் அளந்த லட்சணம் உங்களுக்கே நினைவிருக்கும். குழலில் துருத்தி நின்றதாகத் தெரிந்தது மெழுகுப் பிசிறாகக்கூட இருக்கலாம். நான் நினைப்பது தவறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தவறாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. தொலைபேசி மேசைமேல்தான் இருக்கிறது.

நாளைய வேலை: அச்சை ராய்ஸின் அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். சாக்ஸை இன்றே எடுத்து வைக்க வேண்டும். போட்டியில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் எழுதுவது என் முறை. நாற்காலியை வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளிப் போட வேண்டும்.