மூணாவது ப்ரூஃப்

அந்த நாற்காலி வேணாம் சார், அது ஒரு பக்கமா சாயும். இதுல உக்காருங்க. பக்கம் கட்டற பொண்ணைத் திட்டிட்டு நேரா இங்க வர்றீங்கன்னு தெரியும், அவ அழுதுக்கிட்டே இந்தப் பக்கமா போனதைப் பாத்தேன். பாவம், அவளை விட்டுடுங்க. அவ பண்ணல. நாந்தான் பண்ணேன். நானூத்திப் பன்னெண்டாம் பக்கம், கடைசி வரி.

இல்ல சார், கண்ணு தவறல. இருபத்தெட்டு வருஷமா இதே ஜன்னலோரம், இதே வேலை. ப்ரூஃப் பாக்கறவ தப்பு விடுவா, ஒரு துணைக்காலை விடுவா, ஒரு புள்ளியை விடுவா. எழுதினவர் எழுதாததை எழுத மாட்டா. தெரிஞ்சேதான் மாத்தினேன். நீங்க என்ன எழுதியிருந்தீங்க? உங்க கதாநாயகன் சாம்பல்கையன் ஏழு வருஷம் கழிச்சு அவங்கம்மா வீட்டு வாசல்ல வந்து நிக்கறான். மூணு தடவை தட்டறான். கதவுக்கு அந்தப் பக்கம் அவ மூச்சு விடற சத்தம் அவனுக்குக் கேக்குது. அவள் திறக்கவில்லை. அதோட அத்தியாயத்தை முடிச்சிட்டீங்க. நான் அதை அடிச்சிட்டு, அவள் திறந்தாள்னு போட்டேன்.

கத்துங்க சார், பரவாயில்ல. மெஷின் ஓடற சத்தத்துல யாருக்கும் கேக்காது.

எப்படி ஒருத்தர் கண்ணுலயும் படலன்னா, முதல் ப்ரூஃப் நான் முழுசா படிப்பேன். ரெண்டாவதுக்கு நீங்களும் வந்து உக்காருவீங்க. மூணாவது சும்மா, சொன்ன திருத்தமெல்லாம் ஏறிடுச்சான்னு பாக்கறதுக்குத்தான். அதை என்னைத் தவிர யாரும் திறக்கறதில்ல. நான் சொல்ற திருத்தத்தை அந்தப் பொண்ணு ஏன்னு கேக்காம போட்டுடுவா, நான் கையெழுத்துப் போட்டா நேரா மெஷினுக்குப் போயிடும். முதலாளி கூட எட்டிப் பாக்க மாட்டார், அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையிலதான் மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. இந்த மாயாஜாலக் கதையோட முதல் பாகம் வந்தப்போ உங்க மேலயே எனக்குக் கோபம். தானியக் கிடங்குக்கு வெளிய தாழ்ப்பாள் போட்டுத் தீ வைக்கறான், உள்ள ஆளுங்க இருக்காங்கன்னு தெரிஞ்சே. ஒரே தட்டுல சாப்பிட்ட சிநேகிதனோட நிழலைக் கொண்டுபோய்ச் சந்தையில வித்துட்டு வர்றான். இவனெல்லாம் ஒரு கதாநாயகனா, இந்த மனுஷனுக்கு வேற ஆளே கெடைக்கலையான்னு அந்தப் பொண்ணுகிட்ட புலம்பினேன். அப்புறம் பாத்தா, காவல்காரங்க நாயோட அவனைத் துரத்தறாங்க, நான் பேனாவை மூடி வெச்சிட்டு ஓடுடா, ஓடித் தொலைடாங்கறேன். சத்தமா! அந்தப் பொண்ணு திரும்பிப் பாக்குது. நாலு பக்கம் ஒரு பிழை கூடப் பாக்காம ஓடியிருக்கேன் சார், அவனோட சேந்து. மறுபடி முதல்லேர்ந்து படிச்சேன்.

ரெண்டாம் பாகத்துல ஒரு இளவரசனைக் கொண்டு வந்தீங்களே, பொய்யே சொல்லாதவன், தங்கமானவன். எனக்குக் கொட்டாவி கொட்டாவியா வந்துச்சு. தப்பா நினைக்காதீங்க. அவன் அடுத்து என்ன செய்வான்னு எனக்கே தெரியும். சாம்பல்கையன் அப்படியா? ஒவ்வொரு தடவையும் கத்தியை எடுக்கறதுக்கு முன்னால ஒரு நொடி நிப்பான். இந்தத் தடவை எடுக்க மாட்டான்னு தோணும். எடுத்துடுவான், பாவி. அடுத்த தடவையும் அதே மாதிரி தோணும். ஆறு பாகமா அந்த ஒரு நொடியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கேன்.

வெளிய எல்லாரும் அவனைக் கெத்துங்கறாங்க. என் அக்கா பொண்ணு அவன் படம் போட்ட பனியன் மாட்டிக்கிட்டுத் திரியறா. எனக்கு அதெல்லாம் இல்ல. அவன் மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு நீங்க சொல்லிடறீங்க, அதான். நிஜத்துல ஒருத்தன் தப்புப் பண்ணா யார் சார் வந்து சொல்றா? பேப்பர்ல நாலு வரி வரும். என்ன வயசு, என்ன தொழில், எதால அடிச்சான். அடிக்கறதுக்கு முன்னால ஒரு நொடி நின்னானா, நிக்கலையா, அது வராது. உங்க கொலைகாரனை எனக்கு அக்குவேறா ஆணிவேறா தெரியும். கூடவே வெச்சு நான் சோறு போட்டு வளத்தவனைப் பத்தி ஒரு வரி தெரியாது. சரி, அது கெடக்கட்டும், நீங்க கேட்டதுக்கு வர்றேன்.

ஆமா, படிச்சவங்க கேக்கத்தான் செய்வாங்க. அம்மா கதவைத் திறந்துட்டாளே, அப்புறம் ஏன் அடுத்த பக்கத்துல அவன் மழையில தனியா நடந்து போறான், ஏன் போய்ச் சரணடையறான்னு. ஒரு வரியை மாத்தினா அடுத்ததையும் மாத்தணும். அவனை உள்ள கூப்பிடணும், தலை துவட்டத் துண்டு எடுத்துக் குடுக்கணும், சாப்பிட்டியாடான்னு கேக்கணும். பேனாவை வெச்சிக்கிட்டு உக்காந்து பாத்தேன். எனக்கு வரல சார். நான் எழுதறவ இல்லையே. ஒரு வார்த்தைதான் வந்துச்சு.

உங்களைக் கேட்டிருக்கலாம், நியாயம்தான். கேட்டா மாத்தியிருப்பீங்களா? பாத்தீங்களா, மாட்டீங்க. மாத்தவும் கூடாது, நீங்க எழுதினதுதான் சரி. கிடங்குல செத்தவங்க வீட்டு ஆளுங்க அதே தெருவுல இருக்காங்க, தினமும் அவளைப் பாக்கறாங்க, எந்த முகத்தை வெச்சிக்கிட்டுத் திறப்பா? முதல் ப்ரூஃப்ல படிச்சப்போ, பொம்பளைன்னா இப்படித்தான் இருக்கணும்னு ஓரத்துல ஒரு டிக் கூடப் போட்டேன். ரெண்டாவதுலயும் அந்த வரியில கை வைக்கல.

நடுவுல என்ன ஆச்சா? ஒண்ணும் ஆகல. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை வந்துச்சு, அவ்வளவுதான்.

அந்தக் காகிதக் கட்டை இப்படிக் குடுங்க. திருத்தச் சீட்டுதானே? முதலாளி காலையிலயே சொல்லிட்டார், மிச்சம் இருக்கற மூவாயிரம் காப்பியிலயும் அந்தப் பக்கத்துல ஒட்டித்தான் வெளிய போகணும்னு. அந்தப் பொண்ணை ஒட்டச் சொன்னாராம். அவ எதுக்கு, பண்ணது நான், நானே ஒட்டிடறேன்.

விட மாட்டீங்க போலிருக்கே. அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் சார். துணி மடிச்சிட்டு இருந்தேன். மூணு தடவை தட்டற சத்தம். எங்க கதவுல பாக்கறதுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கு, கண்ணை வெச்சுப் பாத்தேன். முடியை ஒட்ட வெட்டியிருந்தான், தோள்ல ஒரு துணிப்பை. ஒன்பது வருஷம் ஜெயிலுக்குள்ள இருந்தா ஆள் பாதியாயிடுவாங்க போல. என் பையன்தான் சார், வேற யாரு. அவன் அடிச்சுச் செத்த பையனோட அம்மா எங்க கட்டடத்துலயே ரெண்டாவது மாடியில இருக்கா. தினமும் படியில ஒருத்தரை ஒருத்தர் பாப்போம், ஒரு வார்த்தை பேசினதில்ல. இவன் கொஞ்ச நேரம் நின்னான். நான் மூச்சு விட்டது அவனுக்கும் கேட்டிருக்கும். அம்மான்னு கூடக் கூப்பிடல. அப்புறம் செருப்புச் சத்தம் நாலு மாடியும் இறங்கிச்சு. அது நின்னப்புறம் திறந்தேன். திறந்தேன் சார், அது பொய்யில்ல.

தெரியாது. எங்க இருக்கான்னு யாருக்கும் தெரியல. நீங்க கிளம்புங்க, உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். சீட்டை மட்டும் ஒரு தடவை பாத்துடறேன், பழக்கதோஷம். பக்கம் நானூத்திப் பன்னெண்டு, கடைசி வரி. அவள் திறக்கவில்லை. சரியாத்தான் இருக்கு சார், பிழை ஒண்ணும் இல்ல. அந்தப் பசை டப்பாவை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிட்டுப் போங்க.