பாட்டிலுக்குள் நாரத்தைத் தோல்

“ஹலோ... ஹலோ!... ஆமா, உத்திரமேரூரு பொண்ணுங்க விடுதிதான்... வார்டன் அம்மாவா? கீறாங்க... நான் யாரா? கொரலு தெரியலையா சார்?... நல்லா ரோசன பண்ணிப் பாருங்க... சீக்கா மில்லு ஆதிலட்சுமி பேசறேன்... ஹலோ? வெச்சுடாதீங்க சார். காஞ்சிவரத்துலேர்ந்து டிரங்கால் போட்டுகினு கீறீங்க, வீணாப் போவுது பாருங்க.”

ஆதிலட்சுமி விடுதி ஆபீஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள். எதிரே வார்டன் பாக்கியமேரி பேனாவும் கையுமாக இருந்தார். மேசைமேல் மூன்று பாட்டில்கள். ஒன்று, விடுதியின் அறுபது பெண்களும் இரண்டு வருடமாகத் தலைக்குப் போட்டுக்கொண்டிருக்கும், காஞ்சிபுரம் தாமோதரன் தயாரிக்கிற ‘இயற்கை மூலிகை ஷாம்பு’. மற்ற இரண்டும், அடுத்த வருடமும் நாங்களே தருகிறோம் என்று அவர் திங்கட்கிழமை கொண்டுவந்து வைத்த புது சாம்பிள்கள்: ஒரு ஷாம்பு, ஒரு கண்டிஷனர்.

அதற்கு முன் ஆறு வருடம் ஆதிலட்சுமியின் சீயக்காய்த் தூள்தான் விடுதிக்குப் போய்க்கொண்டிருந்தது. காஞ்சிபுரம் பொருட்காட்சியில் தாமோதரன் மைக்கைப் பிடித்து, “உத்திரமேரூர் மில் தூளில் பாதி புளியங்கொட்டைத் தோல்” என்று அறிவித்தார். அன்றைக்கே வாங்கினவர்கள் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் கடையில் வீசினார்கள். விடுதி ஆர்டரும் நின்றது. இரண்டு வருடமாக அவள் தெருவில் நடந்தால், ‘புளியங்கொட்டை போவுது பார்’ என்று ஒரு சத்தம் பின்னாலேயே வரும்.

நேற்று பெண்கள் தலை அரிக்கிறது, முடி கொத்தாக வருகிறது என்று அழுததும் பாக்கியமேரி பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு நேராக மில்லுக்கே வந்துவிட்டார். ஆதிலட்சுமி புது ஷாம்புவை ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள். சிரித்தாள். இது என் தூளைக் காய்ச்சி வடித்தது என்றாள். வார்டன் அதை உடனே நம்பிவிடுகிற ஆள் இல்லை. உன் நாக்கு சொல்வதை நான் எப்படி எழுதுவது, தாமோதரன் வாயால் வந்தால் எழுதுகிறேன் என்றுவிட்டார். சாம்பிள் முடிவு கேட்டு அவர் இன்று விடுதிக்குக் கூப்பிடுவதாக இருந்தது. தாமோதரன் டிரங்கால் என்றாலே காஞ்சிபுரத்திலிருந்து நேராகக் காதுக்குள் கத்துகிற மனிதர். ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் அறை முழுக்கக் கேட்கும். ஆதிலட்சுமி தள்ளியே பிடித்திருந்தாள்.

“ஆமா ஆமா, சாம்பிளைப் பாக்கச் சொல்லி என்னியதான் கூப்ட்டுகிறாங்க... ஏன், எனக்கு இன்னா தெரியும்னு கேக்கறீங்களா? கேளுங்க, தப்பில்ல... சரி, ரிப்போர்ட்டு எழுதணும், சரக்கு இன்னா இன்னான்னு சொல்லுங்க. எழுதிக்கறேன்... சீக்கா... ம்... பூந்திக்கொட்ட... ம்... வெந்தயம்... செம்பருத்தி எல... சரி... பூலாங்கெயங்கு... அட! ஒண்ணு விடாம சொல்றீங்களே... அவ்ளோதானா?... இல்ல சார், இன்னும் ஒண்ணு கீது. மோந்தா மூக்குல புளிப்பா ஏறுதே, அது இன்னா?... எலுமிச்சையா?... சாறா, தோலா?... சாறா! சாறு ஊத்துனா மூணாம் நாளு பூஞ்சை கட்டிக்குமே, உங்க பாட்டிலு திங்கக்கெயமலேர்ந்து நிக்குது, ஒண்ணும் ஆவலையே... ஓ, மறந்துட்டீங்களா, தோலுதானா... எலுமிச்சத் தோலு... இல்லியா? கமலா ஆரஞ்சா?... சார், நீங்க ஒரு பயக்கடையே வெச்சுகினு கீறீங்க போல. எதுன்னு ஒண்ண சொல்லுங்க... ஆளுங்களக் கேட்டு சொல்றீங்களா? ‘எங்கள் நேரடிப் பார்வையில் தயாரிக்கப்பட்டது’ன்னு லேபில்ல அச்சடிச்சுகிறீங்களே!”

பாக்கியமேரி உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கவா, கோபத்தையா என்று ஆதிலட்சுமிக்குப் புரியவில்லை. எதுவானாலும் லாபம்தான்.

“நான் சொல்லட்டா? நாரத்தத் தோலு. நெழல்ல ஒணத்தி, சீக்காயோட ஒண்ணா அரைக்கணும். இந்த ஜில்லாவுல அத்த யார் போடறாங்கன்னு தெரியுமா?... தெரியாதா? சரி, நானே சொல்லிடறேன். நான் ஒருத்திதான்... இல்ல இல்ல, கத்தாதீங்க. போன வாரம் செவ்வாக்கெயம சிட்டம்மா வந்துச்சு மில்லுக்கு. உங்க மச்சினிச்சிதானே?... ஆங், அதேதான். பொண்ணுக்குத் தலையில பேனுன்னு சொல்லி நாலு படி தூளு வாங்கினு போச்சு. நாலு படி! ஒரு தலைக்கா, ஊருக்கேவா?... அவங்க வேற, நீங்க வேறயா?... சரி சார். அப்ப இது என் தூளு இல்ல. அப்டியே எழுதிடறேன்.”

அவள் பேனாவைக் கேட்டுக் கை நீட்டினாள். பாக்கியமேரி கொடுத்தார். காகிதத்தில் ஒன்றும் எழுதாமல் சும்மா நிபை உரசினாள், அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று.

“பொருட்காட்சியில நீங்களே சொன்னீங்க, என் தூளுல பாதி புளியங்கொட்டத் தோலுன்னு. இந்த பாட்டில்லயும் என் மில்லு வாசனதான் அடிக்குது. அதனால சாம்பிள்ல பாதி புளியங்கொட்டத் தோலு, பொண்ணுங்க தலைக்கு ஆவாது, இப்படிக்கு ஆதிலட்சுமின்னு... இன்னா? எழுதக் கூடாதா?... சுத்தமா? இன்னாது சுத்தம்?... சாம்பிள்ல கீற தூளா? அத்த எப்டி சொல்றீங்க?... பாத்து வாங்குனதா! யாராண்ட வாங்குனது?... கேக்கல சார். லைன்ல ஒரே எரச்சலா கீது... இன்னும் கொஞ்சம் சத்தமா... என்னாண்டதானா?... அப்ப மைக்குல சொன்னது?... ம்... ம்... வியாபாரத்துல அப்டி இப்டி இருக்கும்னா, அப்டியா இப்டியா, எது?... சொல்லுங்க... பொய்யி. சரி. இன்னொரு தபா சொல்லிடுங்க, எயுத்துக்கூட்டி எழுதறேன்.”

பாக்கியமேரி பேனாவைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு இப்போது நிஜமாகவே எழுதிக்கொண்டிருந்தார். ஆதிலட்சுமி அதைப் பார்த்தாள். இரண்டு வருடமாக முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த சத்தம் அந்தக் காகிதத்தில் அடங்கிக்கொண்டிருந்தது. இதோடு எழுந்து போயிருந்தால் நல்ல மனுஷி என்று பெயர் வாங்கியிருப்பாள். அவளுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

“இரு, இரு. அதுக்குள்ள அக்காவா?... இம்மாந்நேரம் ‘இந்தாம்மா’ன்னுதானே கூப்ட்டுகினு இருந்த?... இன்னும் ரெண்டு பாட்டிலு பாக்கி கீது தம்பி. இந்தக் கண்டிஷனர்ல இன்னா கீது?... செம்பருத்திச் சாறா! நேத்து ஒரு துணிய அதுல நனைச்சுக் காயப்போட்டேன். மொடமொடன்னு கஞ்சி போட்ட வேட்டியாட்டம் தானா நிக்குது. பச்ச சாயம் போட்ட வடிகஞ்சி, அதானே?... கஞ்சியும் இயற்கைதானா? அது சரி... அப்புறம் அந்தப் பழைய பாட்டிலு. உள்ளங்கையில மஞ்சளைக் கொழைச்சு ஒரு சொட்டு உட்டேன். ரத்தமா செவந்துபோச்சு. குங்குமம் பண்றவங்களக் கேளு, சுண்ணாம்போ சோடாவோ பட்டாதான் மஞ்ச செவக்கும். சீக்கா புளிப்பு, அது பட்டா மஞ்ச மஞ்சளாவேதான் இருக்கும்... துணி தொவைக்கிற சோடாவ எட்டாங்கிளாஸ் பொண்ணுங்க தலையில ரெண்டு வருசமா ஊத்திகிற. ஒருத்திக்கு வகிடு நெடுக சொட்டை. அவ இப்ப தாவணிய எடுத்துத் தலைய மூடிகினுதான் பள்ளிக்கோடம் போறா.”

தாமோதரனின் குரல் தணிந்து, தேன் சேர்ந்து வந்தது. பாக்கியமேரிக்குக் கேட்கவில்லை. ஆதிலட்சுமி ரிசீவரைக் காதோடு ஒட்டிக்கொண்டாள்.

“ம்... சொல்லு... என் தூளா? வருசம் பூரா?... அரைக்கறது எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிறியா... பாட்டில்ல உன் பேரு... அதெப்டி? தூளு என்னுது, பேரு உன்னுதா?... சரி, எம் பேரும் போடறியா. எங்க?... அடியிலயா? அடியில எறும்புதான் படிக்கும்... மேல போடு... பெரிசா... உன் பேர விடப் பெரிசா... போடறியா? நெசமா?... பொருட்காட்சி வெச்சா மைக்குல வந்து சொல்லுவியா, அன்னிக்கி நான் சொன்னது பொய்யின்னு?... யோசிக்கிறியே... சொல்லுவ. எல்லாரு முன்னாடியும்?... குடும்பத்தோட வந்து?... சிட்டம்மாவும் வரணும்... அதுவும் சரியா. நல்ல ஆளு நீ. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். இவ்ளோ ஒத்துக்குவேன்னு நானே நெனைக்கல.”

பாக்கியமேரியின் முகம் இருண்டது. பேனாவை மூடி வைத்தார். அறுபது தலைகளை இந்த அம்மாள் தன் கண்ணெதிரிலேயே பேரத்தில் விட்டுவிட்டாளோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆதிலட்சுமி அவரைப் பார்த்து, பொறுங்கள் என்று ஒற்றை விரலைக் காட்டினாள்.

“தூளு எப்ப அனுப்பறதா? அனுப்ப மாட்டேன்... ஆமா, மாட்டேன்னுதான் சொன்னேன். ஒரு சிட்டிகை கூட கெடையாது... ஏன்னா இன்னா ஏன்? அந்தப் பொண்ணு தலைய மூடிகினு போவுது, நீ என் பேர பாட்டிலு மேல தங்கத்துலயா அச்சடிக்கப் போற?... பேசி முடிச்சதா? எங்க முடிச்சது?... தம்பி, கேளு. இம்மாந்நேரம் கேட்டதெல்லாம் நீ எவ்ளோ தூரம் கீய எறங்குவேன்னு பாக்கத்தான். நல்லாவே எறங்கிட்ட... ஏமாத்தலியே. பேரம் பேசுனேன். விக்கறேன்னு எப்ப சொன்னேன்?... கத்து, நல்லா கத்து. வார்டன் அம்மா மொதல்லேர்ந்து பக்கத்துலதான் ஒக்காந்துகினு கேட்டுகினு கீறாங்க. இந்தா, குடுக்கறேன், அவங்களாண்டயே... ஹலோ?... ஹலோ?... தாமோதரா?”