சிறுநீரக அணுவென்று நம்பி வளர்த்தவை

அவையை ஆளும் தலைவி அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்ந்து வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளோடு பிள்ளைகளின் கேள்விகளையும் பொறுத்து வளர்த்த தாய்மார்களே! நாளைய ஆய்வகங்களை நிரப்பப்போகும் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

என் மகள் உயிர்மருத்துவ ஆராய்ச்சியாளர். "அவரையே அழைத்திருக்கலாமே" என்கிறீர்களா? அழைத்தார்கள். அவளுக்கு நேரமில்லை, எனக்கு நிறைய இருக்கிறது! என்ன தம்பி, வேகமாகப் படிக்கவா? இந்த வயதில் எழுத்துக் கற்று நானே எழுதிய பேச்சப்பா. மெல்லத்தான் வரும்!

பள்ளியில் உயிரியல். கல்லூரியில் உயிர்வேதியியல். பிறகு முதுகலை, பிறகு நுழைவுத்தேர்வு, பிறகு முனைவர் பட்ட ஆய்வு. "இன்னுமா படிக்கிறா? ஊசியாவது போடுவாளா?" என்றார் என் மச்சான்.

"போடமாட்டா மச்சான். ஊசிக்குள்ள என்ன இருக்கணும்னு தேடுறா."

ஒருநாள் ஆய்வகம் காட்டினாள். தட்டையான புட்டி, உள்ளே இளஞ்சிவப்பு நீர், அதுதான் தீனியாம். நுண்ணோக்கியில் கண் வைத்தேன். கூழாங்கல் பரப்பியதுபோல் உயிரணுக்கள்! மனிதச் சிறுநீரகத்திலிருந்து வந்தவையாம்.

"வாய் எங்கம்மா இருக்கு?"

"உடம்பு பூரா வாய்தான்பா."

ஞாயிறென்றும் பாராமல் அவற்றுக்குத் தீனி போட ஓடுவாள். கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் 'ஆயா'. ஒரு புதிய வலி மருந்தை அந்த அணுக்கள்மேல் ஊற்றிப் பார்த்தாள். ஒன்றும் சாகவில்லை. 'சிறுநீரகத்துக்குத் தீங்கில்லை' என்று ஆய்வேட்டை எழுதி முடித்தாள்.

ஒப்படைக்கும் முன் அணுக்களின் மரபணுவைச் சோதிப்பது முறையாம். சோதித்தாள். சிறுநீரகமே இல்லை! பக்கத்து மேசையில் வளர்ந்த புற்றுநோய் அணு எப்போதோ ஒரு துளியாய்க் கலந்து, கடகடவெனப் பெருகி, அசலை அடியோடு அழித்துவிட்டிருந்தது. வேறு எந்தத் தொழிலில் ஐயா நடக்கும் இப்படியொரு தவறு?

"நீ சொல்லலைன்னா யாருக்கும்மா தெரியும்?" என்றாள் அவள் அம்மா.

"மாத்திரை முழுங்குறவங்களுக்குத் தெரியும்மா. ரொம்பத் தாமதமா."

சொன்னால் பட்டம் தள்ளிப்போகும். சொல்லாவிட்டால்? நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள்?

மறுநாள் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். அவளை எப்போதும் கிண்டலடிக்கும் ஒருவர்தான் முதலில் எழுந்தார்: "ஆயா, என் புட்டியும் அதே அலமாரிலதான் இருக்கு. அதையும் சோதனைக்கு அனுப்பு." பின்னால் இன்னொரு குரல், "என்னோடதும்." அதன் பின் வழிகாட்டிப் பேராசிரியை சொன்னார்: "எல்லாத்தையும் அனுப்புங்க. மொதல்ல என்னோடத."

கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கினார்கள். என் மகள் புதுப் புட்டி வாங்கினாள். அசல் சிறுநீரக அணுக்களை வளர்த்தாள், அதே மருந்தை ஊற்றினாள்.

ஒரு மாலை வீட்டுக்குள் ஓடி வந்தாள். "அப்பா! எல்லாம் செத்துப்போச்சுப்பா!"

சாவுச் செய்தியை இவ்வளவு சிரித்த முகத்தோடு சொன்னவரை நான் கண்டதில்லை. அந்த மருந்து கடைக்கு வரவில்லை, மாணவச் செல்வங்களே! செத்தவை புட்டிக்குள் செத்தன. மனிதருக்குள் அல்ல.

இந்த நெடும்பாதை இதற்குத்தான்! இதற்குத்தான்!

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. கேள்வி கேட்கப்போகும் வாய்களுக்கு வாழ்த்து. வணக்கம்.